சொரியாசிஸ் மூட்டுக்கு வந்தால்: மெத்தோட்ரெக்சேட்டுக்குப் பயப்பட வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 39. வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். ஒன்பது வருடமாகத் தலையிலும் முழங்கையிலும் சொரியாசிஸ் (செதில் உதிரும் தோல் நோய்) இருக்கிறது. ஒரு வருடமாக வலது கை நடுவிரல் முழுக்க வீங்கி நிற்கிறது. காலையில் குதிகாலை ஊன்ற முடியவில்லை. ஒரு டாக்டர் யூரிக் அமிலம் 7.2 என்று மாத்திரை கொடுத்தார். இன்னொருவர் சிக்குன்குனியாவின் மிச்சம் என்றார். முடக்கு வாதத்துக்கான ரத்தப் பரிசோதனை ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ். உறவினர் வாங்கித் தந்த ஒரு பொடியைச் சாப்பிட்டால் மூன்றே நாளில் வலி போகிறது, நிறுத்தினால் திரும்பி வருகிறது. இப்போது ஒரு மூட்டு வாத நிபுணர் ‘சொரியாட்டிக் ஆர்த்ரைட்டிஸ்’ (சொரியாசிஸோடு வரும் மூட்டு வாதம்) என்று சொல்லி, மெத்தோட்ரெக்சேட் 15 மில்லிகிராம் எழுதியிருக்கிறார். புற்றுநோய்க்குக் கொடுக்கிற மருந்தாமே? சாப்பிடலாமா?
– வாசகி, திருவள்ளூர்

பதில்: சாப்பிடலாம் சகோதரி, தள்ளிப்போடாதீர்கள். நீங்கள் பயப்பட வேண்டியது அந்தப் பொடிக்குத்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் உங்கள் கை நகங்களை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். தைக்கும்போது விரலில் மாட்டும் உறையில் இருக்குமே, அதுபோலப் பொடிப்பொடியாகக் குழிகள் தெரிகின்றனவா? நுனி நகம் சதையை விட்டுத் தூக்கியிருக்கிறதா? சொரியாசிஸ் உள்ளவருக்கு இந்த நகமும், ஒரு விரல் முழுக்க உருண்டு வீங்குவதும், குதிகால் தசைநாண் எலும்போடு சேரும் இடத்தில் வலியும் ஒன்றாக வந்தால், சொரியாட்டிக் ஆர்த்ரைட்டிஸைத்தான் முதலில் நினைக்க வேண்டும். இதில் ஆர்.ஏ. ஃபேக்டர் பெரும்பாலும் நெகட்டிவாகத்தான் வரும். உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி. பரிசோதனைகூட நார்மலாக இருக்கலாம். ரிப்போர்ட் நன்றாக இருக்கிறதே என்று பலர் வருடக்கணக்கில் ஏமாந்துபோவது இதனால்தான். சொரியாசிஸ் இருப்பவர்களுக்கு யூரிக் அமிலமும் சற்றுக் கூடுதலாக இருப்பதுண்டு. அதை வைத்து மட்டும் கௌட் (யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் வாதம்) என்று முடிவு கட்டக் கூடாது. அந்த மாத்திரை இனி தேவையா என்று நிபுணரிடமே கேளுங்கள்.

மெத்தோட்ரெக்சேட் புற்றுநோய்க்கும் கொடுக்கும் மருந்துதான். ஆனால் அங்கே சில வகைப் புற்றுநோய்களுக்குக் கிராம் கணக்கில் ஏற்றுவார்கள். உங்களுக்கு எழுதியிருப்பது வாரத்துக்கு 15 மில்லிகிராம். தன் உடம்பையே தாக்கும் எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கத்தான் இந்த அளவு. ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: வாரம் ஒரே நாள். இந்த மருந்தால் உயிருக்கே ஆபத்து வருவதற்கு ஒரு முக்கியக் காரணம், தினமும் சாப்பிட வேண்டும் என்று தவறாக நினைத்து விழுங்குவதுதான். சனிக்கிழமை இரவு என்று ஒரு நாளை முடிவு செய்து, அட்டையின் பின்னால் பேனாவால் ‘சனி மட்டும்’ என்று எழுதிவிடுங்கள். கூடவே தரும் ஃபோலிக் ஆசிட் 5 மில்லிகிராமை, டாக்டர் வேறு மாதிரி சொல்லாவிட்டால், மறுநாள் ஞாயிறு சாப்பிடுங்கள். பல கம்பெனிகளில் இரண்டுமே சின்ன மஞ்சள் மாத்திரைகள். ஒரே டப்பாவில் போட்டு வைக்காதீர்கள். மருந்தை மறந்துவிட்டால் இரண்டு நாளுக்குள் சாப்பிடலாம். அதற்கு மேல் போனால் அந்த வாரம் விட்டுவிடுங்கள், அடுத்த வாரம் இரட்டிப்பாக எடுக்காதீர்கள்.

மறுநாள் குமட்டலாக இருந்தால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்துப் பாருங்கள். அதிலும் தாங்கவில்லையென்றால் தோலுக்கடியில் போடும் ஊசியாக மாற்றச் சொல்லிக் கேளுங்கள். 15க்கு மேல் போகும்போது மாத்திரையைவிட ஊசி நன்றாக உடம்பில் சேரும்.

தொடங்குமுன் ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், ஹெபடைட்டிஸ் பி, சி பரிசோதனைகளும் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுப்பார்கள். பிறகு முதல் மூன்று மாதம் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை, அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. இதைத் தவறவிடாதீர்கள். வாயில் புண், காய்ச்சல், புதிதாக வறட்டு இருமல், மூச்சு வாங்குதல் வந்தால் அடுத்த வேளையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரைப் பாருங்கள். சிறுநீர்த் தொற்றுக்கு வேறு டாக்டரிடம் போனால், மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுவதை முதலிலேயே சொல்லுங்கள். கோ-ட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் இதோடு சேரவே கூடாது. மதுவும் கூடாது. இதைச் சாப்பிடும்போது கர்ப்பம் தரிக்கவும் கூடாது. குழந்தை வேண்டும் என்ற எண்ணமிருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், வேறு மருந்து இருக்கிறது.

பலன் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகும், முழுப் பலனுக்கு 12 வாரம்கூட. நாலாவது வாரத்தில் ‘ஒன்றும் கேட்கவில்லை’ என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். மூன்று மாதத்துக்குப் பிறகும் விரல் வீக்கம் குறையவில்லை என்றால் அளவைக் கூட்டுவார்கள், அல்லது மருந்தை மாற்றுவார்கள். குதிகால் வலிக்கும் முதுகெலும்பு வலிக்கும் மெத்தோட்ரெக்சேட் அவ்வளவாகக் கேட்காது. அதற்கு அடலிமுமாப், செக்குகினுமாப் போன்ற ஊசிகள் தேவைப்படலாம். அவற்றைப் போடுமுன் மறைந்திருக்கும் காசநோய்க்குப் பரிசோதனை செய்தாக வேண்டும். நம் ஊரில் இதை விட்டுவிடவே கூடாது. இந்த ஊசிகளுக்குச் செலவு அதிகம். இடைப்பட்ட வழியாக அப்ரெமிலாஸ்ட் மாத்திரை இருக்கிறது. முதல் இரண்டு வாரம் வயிற்றுப்போக்கு இருக்கலாம், பிறகு பலருக்கு அடங்கிவிடும். திருவள்ளூரிலிருந்து ரயிலில் வந்தால், சென்ட்ரலுக்கு எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் மூட்டு வாத நோய்க்கென்று தனித் துறை இருக்கிறது.

இனி அந்தப் பொடி. மூன்று நாளில் வலி பறந்து, நிறுத்தினால் திரும்புகிறதென்றால் ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்ற சந்தேகம் பலமாக எழுகிறது. ஸ்டீராய்டை வாய்வழி எடுத்து நிறுத்தும்போது சொரியாசிஸ் சீழ்க் கொப்புளங்களாக வெடித்துப் பரவக்கூடும். சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். நீங்கள் பல வாரமாகத் தினமும் சாப்பிட்டு வந்திருந்தால், நீங்களாகத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. பொட்டலத்தோடு நிபுணரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர் படிப்படியாகக் குறைத்துத் தருவார்.

மருந்து வேலை செய்யும் வரை தொழிலை விட வேண்டாம். காலையில் மிதமான சூட்டு நீரில் கையைப் பத்து நிமிடம் வைத்து, மெல்ல மடக்கி நீட்டிவிட்டுத் தொடங்குங்கள். துணி வெட்டும் கத்தரிக்கோலின் பிடியில் பஞ்சு வைத்துத் துணி சுற்றினால் விரலில் அழுத்தம் குறையும். மிதிக்கும் மெஷின் என்றால் மோட்டார் மாட்டிவிடுங்கள். குதிகால் தசைநாணை நாள் முழுக்க இழுப்பது அந்த மிதிதான். எடை கூடுதலாக இருந்தால் அதைக் குறைப்பது மருந்து நன்றாக வேலை செய்ய உதவும். கண் சிவந்து வலித்து, வெளிச்சம் கூசினால் மெட்ராஸ் ஐ என்று சொட்டு மருந்து வாங்காமல் அன்றே கண் டாக்டரிடம் போங்கள். இந்த நோய் கண்ணின் உள்ளேயும் வீக்கம் உண்டாக்கும்.

விரல் வீங்கியிருக்கும் நாளில் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். டாக்டரைப் பார்க்கும் நாளில் வீக்கம் வற்றியிருந்தால் அந்தப் படத்தைக் காட்டலாம்.