சுட்டி இடப்பக்கம் நகர மறுத்தால்

வணக்கம். மன்னார்குடியில் டிடிபி கடை நடத்தும் நீங்கள், மடிக்கணினியின் டச்பேட் பழுதானதால் ஐ3 என்ற லினக்ஸ் சாளர மேலாளரில், கட்டளைகளால் சுட்டியை இயக்கும் எக்ஸ்டூடூல் என்ற கருவி கொண்டு சுட்டியை நகர்த்துவதாகவும், அது இடப்பக்கம் மட்டும் செல்லவில்லை என்றும், சூப்பர் விசையுடன் (விண்டோஸ் குறியுள்ள விசை) அமைத்த சொடுக்கு சரியாக வேலை செய்யவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள்.

முதலாவது எளிது. கழித்தல் குறியுடன் தொடங்கும் எண்ணை அக்கருவி ஒரு விருப்பத்தேர்வாக எடுத்துக்கொள்கிறது. எண்களுக்கு முன்னால், இருபுறமும் இடைவெளி விட்டு, இரண்டு கழித்தல் குறிகளை இடுங்கள்.

சொடுக்குச் சிக்கலுக்குக் காரணம், அந்த நொடியில் சூப்பர் விசை இன்னும் அழுந்தியிருப்பதுதான்; அதனால் செயலிக்குச் செல்வது வெறும் சொடுக்கு அன்று, சூப்பருடன் சேர்ந்த சொடுக்கு. அழுந்தியிருக்கும் அத்தகைய விசைகளைத் தற்காலிகமாக விடுவிக்கும் 'கிளியர்மாடிஃபையர்ஸ்' என்ற எக்ஸ்டூடூல் விருப்பத்தேர்வு பெரும்பாலும் உதவும் என்றாலும், ஐ3-இன் அமைப்புக் கோப்பில் சுட்டிக்கென்றே தனி 'மோடு' (விசைகளுக்கு வேறு பணிகள் தரும் நிலை) ஒன்றை உருவாக்கி, அதற்குள் எச், ஜே, கே, எல் விசைகளை நகர்வுக்கும் வேறொரு தனி விசையைச் சொடுக்குக்கும் ஒதுக்குவதையே நான் விரும்புவேன், ஏனெனில் அங்கே சூப்பர் விசையே தேவைப்படாது. எஸ்கேப் விசையில் 'டீஃபால்ட்' நிலைக்குத் திரும்பும் வரியை மறவாமல் சேருங்கள்; இல்லாவிட்டால் அந்த மோடிலிருந்து வெளியேற விசை எதுவும் இருக்காது. சொடுக்கு விசைக்கு மட்டும், விசையை விடும்போது கட்டளை இயங்கச் செய்யும் 'ரிலீஸ்' என்பதையும் சேர்ப்பது நல்லது.

பின்னாளில் ஐ3 போன்றே இயங்கும் ஸ்வே என்ற சாளர மேலாளருக்கு மாறினால் எக்ஸ்டூடூல் அங்கு பயன்படாது. ஸ்வேயின் 'சீட்' கட்டளையிலேயே சுட்டியை நகர்த்தும் வசதி உண்டு.