பிடிக்காத அதிபர் மறுபடி ஜெயிப்பாரா?

கேள்வி: செல்வாக்கை இழந்த அமெரிக்க அதிபர் மறுபடி நின்றால் ஜெயிக்க வாய்ப்பு உண்டா? பாதிப் பேருக்கு மேல் பிடிக்கவில்லை என்று கணிப்பு சொன்ன பிறகுமா?
- பல்லடத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: உண்டு. ஜெயித்தும் இருக்கிறார்கள். 1948-ல் அதிபராக இருந்த ட்ரூமன் தோற்பார் என்றுதான் எல்லாக் கணிப்பும் சொன்னது. சொந்தக் கட்சியிலிருந்தே இரண்டு பேர் பிரிந்து போய்த் தனியாக நின்றார்கள். 'டூயி ட்ரூமனைத் தோற்கடித்தார்' என்று எதிர்க்கட்சி வேட்பாளர் ஜெயித்ததாகத் தலைப்புப் போட்டு அச்சடித்தே விட்டது சிகாகோ டிரிப்யூன் பத்திரிகை. ரயிலில் ஊர் ஊராகப் போய், கடைசிப் பெட்டியில் நின்று பேசிய மனிதர் 303 தேர்வாளர் வாக்குகளோடு (அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலவாரியாக வரும் பிரதிநிதிகளின் ஓட்டு) ஜெயித்தார். நேர்மாறாக, 1991-ல் வளைகுடாப் போர் முடிந்தபோது 90 சதவீதத்தை ஒட்டி ஆதரவு வைத்திருந்த சீனியர் புஷ், அடுத்த வருடமே கிளிண்டனிடம் தோற்றார்.

அதனால் பிடிக்குமா பிடிக்காதா என்ற எண்ணை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். வீட்டு நிலைமை ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது தைத்த துணியைச் சரிபார்க்கும் ஒரு செக்கிங் டேபிள். 2012-ல் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். பையர் தரப்பில் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தைச் சேர்ந்த ஒரு அம்மா இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்திருந்தார். டி-ஷர்ட்டின் கழுத்து ரிப்பை இழுத்து இழுத்து விட்டுப் பார்த்துக்கொண்டே, "ஒபாமாவை எனக்குப் பிடிக்காது. ஆனால் ஓட்டு அவருக்குத்தான்" என்றார். ஏன் என்று கேட்டேன். அவருடைய அண்ணனுக்குக் கார் உதிரிபாக ஆலையில் வேலை. 2009-ல் மூடப்போன ஆலை, கார் கம்பெனிகளுக்கு அரசு பணம் கொடுத்துத் தூக்கிவிட்டதால் தப்பியதாம். "இப்போது ஓவர்டைம் பார்க்கிறான்" என்று சொல்லிவிட்டு அடுத்த பீஸை எடுத்தார்.

2009 அக்டோபரில் 10 சதவீதமாக இருந்த வேலையின்மை, 2012 தேர்தல் சமயத்தில் 8-க்குக் கீழே வந்திருந்தது. அதுவும் அதிகம்தான். ஆனால் இறங்குமுகம். ஒபாமா ஓஹியோவையும் பிடித்தார், 332 தேர்வாளர் வாக்குகளோடு தேர்தலையும் ஜெயித்தார். 1980-ல் அதிபர் கார்ட்டருக்கு எல்லாமே தலைகீழ். விலைவாசி ஏறிக்கொண்டே போனது, ஈரானில் அமெரிக்கப் பிணைக்கைதிகள் சிக்கியிருந்தார்கள். எதிர்த்து நின்ற ரீகனுக்கு 489 தேர்வாளர் வாக்குகள், இவருக்கு 49.

இன்னொன்றையும் பாருங்கள். சொந்தக் கட்சிக்குள் பலமான ஆள் எதிர்த்து நிற்கிறாரா? 1976-ல் ஃபோர்டை ரீகன் எதிர்த்தார், 1980-ல் கார்ட்டரை எட்வர்ட் கென்னடி, 1992-ல் புஷ்ஷை புகானன். மூன்று அதிபர்களுமே கட்சிக்குள் தப்பி, பொதுத்தேர்தலில் தோற்றார்கள். 1968-ல் சொந்தக் கட்சிக்காரர் மெக்கார்த்தி நெருக்கியதும் அதிபர் ஜான்சன் போட்டியிலிருந்தே விலகிக்கொண்டார். நம் பக்கம் ஊராட்சித் தலைவர் தேர்தலில் பங்காளியே எதிர்த்து மனு போட்டால் டீக்கடையில் என்ன பேசுவார்கள்? அதேதான்.

கேள்வி: அதிக ஓட்டு வாங்கியவர்தானே அங்கேயும் ஜெயிப்பார்?
- பெருந்துறை வாசகி

பதில்: இல்லைம்மா. மொத்தம் 538 தேர்வாளர்கள், 270 வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில், அங்கே ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கியவருக்கே அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் எல்லாரும். 2000-லும் 2016-லும் நாடு முழுக்க அதிக ஓட்டு வாங்கியவர்கள் தோற்றார்கள். 2020-ல் அதிபராக இருந்த டிரம்பைவிட பைடன் சுமார் 70 லட்சம் ஓட்டு கூடுதலாக வாங்கினார். ஆனால் அரிசோனா, ஜார்ஜியா, விஸ்கான்சின் மூன்றிலும் சேர்த்து அவருடைய முன்னிலை 44,000-க்கும் குறைவு. அவை மூன்றும் கை மாறியிருந்தால் 269-க்கு 269 என்று சமமாகியிருக்கும். செல்வாக்கு இல்லாத அதிபர்கள் கடைசி வரை நம்பிக்கையோடு நிற்பதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம்.

கேள்வி: என் தம்பி பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். 2025-ல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் ஷிப்ட் குறைந்துவிட்டது. டிரம்ப் 2028-லும் வந்துவிடுவாரா?
- அவிநாசி வாசகர்

பதில்: முடியாது. 1951-ல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க அரசியல் சட்டத்தின் 22-வது திருத்தத்தின்படி, ஒருவரை இரண்டு முறைக்கு மேல் அதிபராகத் தேர்ந்தெடுக்க முடியாது. அவர் 2016-லும் 2024-லும் ஜெயித்துவிட்டார். புது அதிபர் பதவியேற்பது 2029 ஜனவரி 20-ல். வாரக்கூலிக்காரர் அதுவரை காத்திருக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஐரோப்பா ஆர்டர் ஓட்டும் கம்பெனிகளிலும், உள்நாட்டு மார்க்கெட்டுக்குத் தைக்கும் யூனிட்டுகளிலும் கட்டிங் மாஸ்டர் வேலை இருக்கிறதா என்று இந்த வாரமே தம்பியை விசாரிக்கச் சொல்லுங்கள்.