இடம் இருக்கிறது, ஆனால் இல்லை!

கேள்வி: சார், எங்கள் ஆபீஸ் ஆரக்கிள் டேட்டாபேஸ் நேற்று அப்படியே நின்றுவிட்டது. ஓஆர்ஏ-00257 என்று எரர், அதாவது ஆர்க்கைவ் லாக் (டேட்டாபேஸில் நடந்த மாற்றங்களின் பதிவு) எழுத முடியவில்லையாம். ரெக்கவரி ஏரியாவில் (இந்த லாக்குகளுக்கும் பேக்கப்புக்கும் ஒதுக்கிய இடம்) கிடந்த பழைய ஆர்க்கைவ் லாக்குகளை லினக்ஸில் ஆர்எம் கட்டளை போட்டு அழித்துவிட்டேன். டிஸ்க்கில் இடம் இருந்தும் அதே எரர், ஏன்?

பதில்: நீங்கள் அழித்தது ஆரக்கிளுக்குத் தெரியாதே! ரெக்கவரி ஏரியாவில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்ற கணக்கை, தன் சொந்தக் குறிப்பேடான கன்ட்ரோல் ஃபைலை வைத்துத்தான் அது போடுகிறது, டிஸ்க்கை எட்டிப் பார்ப்பதில்லை. ஆரக்கிளின் பேக்கப் கருவியான ஆர்மேனுக்குள் (RMAN) போய் முதலில் ‘கிராஸ்செக் ஆர்க்கைவ்லாக் ஆல்’ கொடுங்கள், எந்த லாக் டிஸ்க்கில் இல்லை என்று பார்த்துக்கொள்ளும்; அப்புறம் ‘டெலீட் எக்ஸ்பயர்ட் ஆர்க்கைவ்லாக் ஆல்’ கொடுங்கள், இல்லாதவற்றின் பதிவை நீக்கிக் கணக்கு நேராகிவிடும்.

சரி, பெரிய தலைவலி வேறு. அழித்ததில் ஒரே ஒரு லாக் பேக்கப் ஆகாமல் இருந்திருந்தாலும், பழைய பேக்கப்பிலிருந்து மீட்கும்போது அந்த இடம் வரைதான் வர முடியும், அதற்குப் பிந்தைய லாக்குகள் பத்திரமாக இருந்தும் பிரயோஜனமில்லை. அதனால் இன்றைக்கே ஒரு முழு பேக்கப் எடுத்துவிடுங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள். இனி லாக்குகளை ஆர்மேன் வழியாகவே, பேக்கப் ஆனதை மட்டும் அழியுங்கள். பேக்கப்பையும் அதே டிஸ்க்கில் போட்டு வைக்காதீர்கள், நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள்.