கடலாமை, வலை, பிளாஸ்டிக்: கேளுங்கள், சொல்கிறேன்

கடலாமை என் துறை. அதை ஒட்டி எது வேண்டுமானாலும் கேட்கலாம்.

கரையில் ஒதுங்கிய ஆமையைத் திரும்பத் தண்ணீரில் விடலாமா?

விடாதீர்கள். முட்டையிட வந்தது என்றால் தானே போய்விடும், கிட்டேயே போக வேண்டாம். அசையாமல் கிடப்பது வேறு கதை. ஆமை நுரையீரலால் மூச்சு விடும் பிராணி. வலைக்குள் மூச்சுமுட்டி மயங்கியது செத்த மாதிரியே கிடக்கும், அதைப் போய்த் தண்ணீரில் தள்ளினால் அப்போதுதான் நிஜமாகவே மூழ்கிச் சாகும். மல்லாத்தாமல், வயிறு கீழே இருக்கும்படி கிடத்தி, பின்பக்கத்தை ஒரு சாண் உயர்த்தி, மூக்கை மறைக்காமல் ஈரத்துணி போர்த்தி, நிழலில் விடுங்கள். தெளிய 4 மணி நேரமும் ஆகலாம், 24 மணி நேரமும் ஆகலாம். அதற்குள் மீட்புக் குழுவை வரவழையுங்கள்.

ஸ்ட்ரா பயன்படுத்துவதை நிறுத்திவிட்டேன். ஆமைகளுக்கு இது உதவுமா?

நல்லதுதான், தொடருங்கள். ஆனால் கடல் உயிர்களை அதிகம் பாதித்திருப்பது நேரடியாகப் பிடிப்பது, முக்கியமாக மீன்பிடிப்பு என்று 2019-ல் ஐ.நா. ஆதரவு பெற்ற பல்லுயிர் அறிக்கையே சொல்லிவிட்டது. இறால் பிடிக்கும் இழுவலையில் ஆமை தப்பிக்க ஒரு கம்பிச்சட்டம் இருக்கிறது. வலையின் கழுத்தில் சாய்வாகப் பொருத்துவார்கள், கம்பிக்குக் கம்பி சுமார் 10 செ.மீ. இடைவெளி. இறால் உள்ளே போய்விடும், ஆமை கம்பியில் முட்டிச் சறுக்கி, திறப்பு வழியாக வெளியேறிவிடும். சரியாகப் பொருத்தினால் மாட்டுகிற ஆமைகளில் பெரும்பாலானவை தப்பிவிடும்.

குப்பை கொட்டுவது ஊர் உலகம், பழி மட்டும் மீனவனுக்கா?

பழி போடவில்லை, வலையைத்தான் சொல்கிறேன். பசிபிக் கடலில் குப்பை சேர்ந்து மிதக்கும் பசிபிக் குப்பைத் திட்டு பற்றி 2018-ல் வந்த ஆய்வில், அங்கே மிதக்கிற பிளாஸ்டிக் எடையில் 46 சதவீதம் மீன்வலை. அறுந்த வலை யார் கையிலும் இல்லாமலேயே பிடித்துக்கொண்டே இருக்கும்.

அந்தக் கம்பிச்சட்டத்தால் மீனும் இறாலும் போய்விடுகிறதே. நஷ்டத்தை நீங்கள் கொடுப்பீர்களா?

நியாயமான கோபம். திறப்பின் மூடுதுணி தளர்ந்தாலோ, கம்பிச்சட்டத்தில் பாசி அடைத்தாலோ, சாய்வு தவறினாலோ இறால் போகத்தான் செய்யும். சரியாக இருந்தால் இழப்பு குறைவு, பெரிய திருக்கையும் மரக்கட்டையும் உள்ளே வராததால் பிடிபட்ட இறால் நசுங்காது. ஆனால் அந்தச் செலவை ஒரு படகுக்காரர் தலையில் மட்டும் கட்டுவது தப்பு. சட்டம் இயற்றும் அரசும், அந்த இறாலை வாங்கும் நாடும் பங்கு கொடுக்க வேண்டும். நான் சண்டை போடுவது இதற்காகத்தான், மீனவரோடு இல்லை.

அப்போ ஸ்ட்ரா பரவாயில்லையா?

மேலே சொல்லிவிட்டேன்.

கப்பல் சத்தம் திமிங்கிலங்களைப் பாதிக்கிறதா?

பாதிக்கிறது. விவரங்களை ஒலியியல் ஆய்வாளர்களிடம் கேளுங்கள், என் துறை இல்லை.

வெப்பம் கூடினால் எல்லாம் பெண் ஆமையாகிவிடுமாமே?

மணலின் சூடுதான் பாலினத்தைத் தீர்மானிக்கிறது. ஏறக்குறைய 29 டிகிரியில் பாதிக்குப் பாதி, அதற்கு மேல் பெண் கூடும். ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பவளத்திட்டின் வடபகுதியில் பிறந்த இளம் பச்சை ஆமைகளில் 99 சதவீதத்துக்கும் மேல் பெண் என்று 2018-ல் கண்டார்கள். அங்கேயே வளர்ந்த ஆமைகளில் அது 87 சதவீதம்தான். அதாவது மாற்றம் ஒரே தலைமுறைக்குள் நடந்திருக்கிறது. ஓர் ஆண் பல பெண்களோடு சேரும் என்பதால் உடனே ஆபத்து இல்லை, ஆனால் எத்தனை காலம் தாங்கும் என்பதுதான் என் கவலை.

ஆமை வாயில் தூண்டில் நரம்பு தொங்கினால் மெதுவாக இழுத்து எடுக்கலாமா?

கூடாது! மெதுவாகவும் கூடாது. மறுமுனை குடலில் சிக்கியிருக்கலாம், இழுத்தால் குடல் அறுந்துவிடும். தூண்டில் நரம்பு எதுவானாலும் கால்நடை மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

மீண்டு வந்த உயிர் ஏதாவது உண்டா?

பச்சை ஆமை. 2025 அக்டோபரில் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யூ.சி.என். அதை அருகிவரும் இனப் பட்டியலிலிருந்து எடுத்து, கவலை குறைந்த இனமாக அறிவித்தது. முட்டைகளையும் தாய் ஆமைகளையும் பல பத்தாண்டுகள் காவல் காத்ததும், வலைகளை மாற்றியதும் சேர்ந்து கொடுத்த பலன். கிழக்கு பசிபிக்கின் ஏழுவரி ஆமை (லெதர்பேக்) இன்னும் அழிவின் விளிம்பில்தான் நிற்கிறது. அங்கேயும் முதல் வில்லன் மீன்பிடி வலையும் தூண்டிலும்தான்.