பட்டறைக் கேள்வி-பதில்: டர்போவுக்கு வீட்டில் செய்யும் வால்வு

கேள்வி: என்னுடையது 2012இல் வாங்கிய 1.3 லிட்டர் டீசல் கார். மாதம் ஒருமுறை ஆழியாறிலிருந்து வால்பாறைக்குப் போகிறேன். முன்பு மூன்றாவது கியரில் ஏறிய இடங்களில் இப்போது இரண்டாவதுக்கு இறக்க வேண்டியிருக்கிறது. மீன் தொட்டிக் காற்றுக்குழாயில் போடும் சிறு வால்வை டர்போவின் ஹோஸில் சேர்த்தால் பூஸ்ட் (டர்போ எஞ்சினுக்குள் அமுக்கும் காற்றின் அழுத்தம்) கூடும் என்கிறார் நண்பர். செய்யலாமா? (பொள்ளாச்சி வாசகர்)

பதில்: செய்ய வேண்டாம். நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் சிரமமின்றி ஏறிய வண்டி இப்போது திணறுகிறது என்றால், ஏற்கெனவே இருந்த பூஸ்ட் எங்கோ வீணாகிறது. குடத்தில் ஓட்டை இருக்கும்போது கிணற்றை ஆழப்படுத்தி என்ன பயன்?

எஞ்சின் புகையால் சுழன்று காற்றை அமுக்கும் டர்போவின் பக்கவாட்டில் ஒரு தகரக் குப்பி இருக்கும். அதுதான் ஆக்சுவேட்டர். உள்ளே ஒரு ரப்பர் டயாபிரம், ஒரு ஸ்பிரிங். டர்போ அமுக்கிய காற்றில் கொஞ்சம் விரல் பருமனுள்ள ஹோஸ் வழியாக அங்கே வரும். அழுத்தம் ஸ்பிரிங்கை வென்றதும் கம்பி நகர்ந்து வேஸ்ட்கேட் மூடியைத் திறக்கும். புகையில் ஒரு பங்கு டர்பைன் சக்கரத்தைத் தள்ளாமல் விலகிப் போய்விடும். பிரஷர் குக்கரில் வெயிட் செய்கிற வேலைதான் இது. நண்பர் சொல்லும் வால்வு அந்த ஹோஸின் காற்றைச் சிறிது வெளியே கசியவிட்டு, ஆக்சுவேட்டருக்கு உண்மையான அழுத்தம் தெரியாமல் செய்கிறது. அந்த வால்வும் குழாயும் பிளாஸ்டிக். டர்போவின் அருகே உள்ள சூட்டில் எத்தனை நாள் தாங்கும்?

இன்னொன்று, டீசல் எஞ்சினுக்கு இழுவை தருவது டீசல்தான். காற்றை மட்டும் கூட்டினால் பெரிதாக எதுவும் கிடைக்காது. உங்கள் காரில் டீசலின் அளவைத் தீர்மானிப்பது கம்ப்யூட்டர். எதிர்பார்த்ததைவிட அதிக அழுத்தத்தை சென்சார் காட்டினால், அது எச்சரிக்கை விளக்கை எரியவிட்டு டீசலைக் குறைத்துவிடும். அட்டகட்டி ஏற்றத்தில் அது நடந்தால் உங்கள் நிலையை எண்ணிப் பாருங்கள்.

ஏர் ஃபில்டரைப் பாருங்கள். அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ்களில் எண்ணெய்க் கறை தென்படும் இடத்தில் சோப்பு நீர் தடவி, ஒருவரை ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொல்லுங்கள். என் பட்டறைக்கு இழுவை இல்லை என்று வந்த வண்டிகளில் பாதிக்கு மேல் அந்த ஹோஸில்தான் கிழிசல் இருந்தது. அடுத்து, ஆக்சுவேட்டர் ஹோஸைக் கழற்றி, அழுத்தமானி உள்ள சைக்கிள் பம்பை இணைத்து மெதுவாக அடியுங்கள். கம்பி நகர வேண்டும், முள்ளும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். முள் இறங்கினால் டயாபிரம் கிழிந்திருக்கிறது.

கேள்வி: ஐயா, பாலிடெக்னிக் இறுதியாண்டு படிக்கிறேன். கம்ப்யூட்டர் இல்லாத, மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய டர்போ டீசல் எஞ்சின் ஒன்று எங்கள் பட்டறையில் ஸ்டாண்டில் இருக்கிறது. அதற்குக் குண்டும் ஸ்பிரிங்கும் வைத்த பூஸ்ட் வால்வை நாங்களே லேத்தில் செய்ய விரும்புகிறோம். வழி சொல்லுங்கள். (திருச்சி மாணவர்)

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இந்த வால்வை உங்கள் வயதில் நானும் செய்தேன், இரண்டு இடங்களில் தவறினேன். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

பித்தளைக் கம்பியில் ஒரு உடலைக் கடையுங்கள். டர்போ பக்கத்திலிருந்து காற்று வரும் துளை 5 மில்லிமீட்டர். அதன் வாயில் சரிவாக ஓர் இருக்கை வெட்டி, பழைய பேரிங்கிலிருந்து எடுத்த 8 மில்லிமீட்டர் குண்டை உட்கார வையுங்கள். குண்டின் முதுகில் ஸ்பிரிங், அதை அழுத்த ஒரு திருகு, திருகைப் பூட்ட ஒரு லாக் நட். ஸ்பிரிங் இருக்கும் அறையின் பக்கவாட்டிலிருந்து ஆக்சுவேட்டருக்கு நிப்பிள். குண்டு விலகும்வரை ஆக்சுவேட்டருக்குக் காற்றே போகாது. வேஸ்ட்கேட் முன்கூட்டியே மெல்லத் திறந்து கசியாததால் பூஸ்ட் சீக்கிரம் எழும். கசியவிடும் வால்வைவிட இதை நான் விரும்புவது அதனால்தான்.

ஸ்பிரிங்கில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். 5 மில்லிமீட்டர் துளையின் பரப்பு ஏறத்தாழ 20 சதுர மில்லிமீட்டர். அதன்மேல் 1 பார் அழுத்தம் தள்ளும் விசை வெறும் 200 கிராம் எடைக்குச் சமம். ஆக்சுவேட்டரின் ஸ்பிரிங் தன் பங்கைத் தாங்கிக்கொள்ளும். அதற்கு மேல் நீங்கள் கூட்டும் அளவை மட்டுமே இந்த ஸ்பிரிங் தாங்க வேண்டும். 0.15 பார் கூட்ட 30 கிராம் போதும்! பால்பாயிண்ட் பேனாவின் ஸ்பிரிங்கே கிட்டத்தட்ட சரியாக வரும். நான் முதலில் போட்டது கார்பரேட்டரிலிருந்து எடுத்த கெட்டியான ஸ்பிரிங். முள் 1.5 பாரைத் தாண்டியபோதுதான் கணக்குப் போட உட்கார்ந்தேன். கணக்கை முன்னாலேயே போட்டுவிடுங்கள்.

இரண்டாவது தவறு இன்னும் நுட்பமானது. முதல் ஏற்றத்தில் வண்டி அருமையாக இழுத்தது. காலை எடுத்துவிட்டு மறுபடி மிதித்தால் பூஸ்ட் வரவில்லை. இரண்டு நாள் தேடினேன். காற்று குண்டைத் தாண்டி ஆக்சுவேட்டருக்குள் போய்விட்டது, திரும்பி வர வழியில்லை. வேஸ்ட்கேட் திறந்தபடியே நின்றுவிட்டது. ஆக்சுவேட்டர் பக்கத்து அறையில் 1 மில்லிமீட்டர் டிரில்லால் ஒரு துளை போட்டதும் சரியாயிற்று. சிறைப்பட்ட காற்று அந்த ஊசித் துளை வழியாக வெளியேறும். வரைபடத்தில் அந்தத் துளையை முதலில் வரையுங்கள்.

பொருத்துமுன் வாயால் ஊதிப் பாருங்கள். டர்போ பக்கத்திலிருந்து ஊதினால் காற்று போக வேண்டும். தலைகீழாகப் பொருத்தினாலோ, ஹோஸ் கழன்றாலோ, ஆக்சுவேட்டருக்குச் செய்தி போகாது, வேஸ்ட்கேட் திறக்காது, பூஸ்ட் ஏறிக்கொண்டே போகும். ஆகவே எல்லா முனையிலும் கிளாம்ப் வேண்டும். திருகை முழுவதும் தளர்த்திய நிலையில் தொடங்கி, அரைச் சுற்று அரைச் சுற்றாகக் கூட்டுங்கள். அழுத்தமானி இல்லாமல் திருகைத் தொடவே தொடாதீர்கள்.

ஸ்டாண்டில் சுமையில்லாமல் எஞ்சின் எவ்வளவு வேகமாக ஓடினாலும் பூஸ்ட் பெரிதாக எழாது. எரிக்க டீசல் குறைவு, டர்போவைத் தள்ளும் வெப்பமும் குறைவு. வால்வு வேலை செய்யவில்லை என்று நினைத்துத் திருகை இறுக்கிவிடாதீர்கள். எஞ்சினுக்குச் சுமை தந்து அளக்கும் டைனமோமீட்டர் இல்லையென்றால், ரெகுலேட்டர் உள்ள ஏர் கம்ப்ரஸரை மேசையில் வைத்து, வால்வின் இரு பக்கமும் ஆளுக்கொரு அழுத்தமானி மாட்டி அளவுகளை எழுதுங்கள். பளபளக்கும் பித்தளையைவிட அந்த அட்டவணைக்குத்தான் நான் மதிப்பெண் தருவேன்.

பெட்ரோல் எஞ்சினில் இதே வால்வைப் போடத் துணியாதீர்கள். அங்கே பூஸ்ட் மிஞ்சினால் எரிபொருள் நேரம் தவறி வெடித்து பிஸ்டன் உடையும். ஸ்வீடனின் சாப் நிறுவனம் 1977இல் 99 டர்போ காரைக் காட்டியது. பின்னர் அந்த வெடிப்பொலியை சென்சாரால் கேட்டு பூஸ்டைக் குறைக்கும் ஏற்பாட்டையும் கொண்டுவந்தது. உங்கள் குண்டுக்கும் ஸ்பிரிங்குக்கும் காது கிடையாது.

கேள்வி: என் டீசல் காரின் டர்போவில் இதழ்கள் அசையும் வகை என்கிறார்கள். அதற்கும் இந்த வால்வு பொருந்துமா? (ஈரோடு வாசகர்)

பதில்: பொருந்தாது. அந்த வகையில் வேஸ்ட்கேட் இல்லை. இதழ்களின் கோணத்தை மாற்றித்தான் பூஸ்டைக் கட்டுப்படுத்துகிறார்கள். பல கார்களில் அதை இழுப்பது வெற்றிடம், அதன் அளவைச் சொல்வது கம்ப்யூட்டர். உங்கள் காரிலும் அப்படி இருந்து பூஸ்ட் குறைவாக வந்தால், வெற்றிட பம்பிலிருந்து வரும் மெல்லிய ரப்பர் ஹோஸை முனையருகே வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிட்டு, வண்டி எப்படி ஓடுகிறது என்று எழுதுங்கள்.