பெரும்பாலோர் கடந்துவிட்டார்கள்

அன்புள்ள ஐயா,

மூணாறு எஸ்டேட்டில் பிறந்தவன் நான். இப்போது நார்வேயில், லில்லஹாமரில் படிக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை இங்கே மேட்டில் ஏறும் பனிச்சறுக்குப் பந்தயம் ஒன்றில் தன்னார்வலனாக நின்றேன். மைனஸ் 11 டிகிரி. சறுக்குக் கட்டைகளை மீன்முள் போல விரித்து ஏறி வருபவர்களுக்கு வெதுவெதுப்பான பழச்சாறு கொடுப்பது என் வேலை. பனி கொட்டத் தொடங்கியதும், பெரும்பாலோர் கடந்துவிட்டார்கள் என்று மேசையை மடக்கிவிட்டோம். ஊர் கூடிக் கூலியில்லாமல் செய்யும் இந்த வேலைக்கு இங்கே ‘துக்னாட்’ என்று பெயர். தமிழில் இதற்குச் சொல் உண்டா? அம்மாவிடம் போனில் சொன்னபோது, “சம்பளம் இல்லாமல் குளிரில் நிற்கவா உன்னை அனுப்பினேன்?” என்று கோபித்துக்கொண்டார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

ர.

அன்புள்ள தம்பி,

சொல் உண்டு. ஏரியையும் வாய்க்காலையும் ஊரே கூடிப் பராமரித்ததைக் குடிமராமத்து என்றார்கள். அதை விடுங்கள்.

“பெரும்பாலோர் கடந்துவிட்டார்கள்” என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு நாளாக அந்த வரியிலேயே நிற்கிறேன். மீதிப் பேர் எங்கே, தம்பி? முதலில் வருகிறவனுக்கு உங்கள் பழச்சாறு தேவையே இல்லை. அவன் உடம்பு உலை மாதிரிக் கொதித்துக்கொண்டிருக்கும், கோப்பையைப் பார்க்காமலேகூடப் போய்விடுவான். கடைசியில் வருகிறவன் அதே மலையில் இரண்டு மடங்கு நேரம் இருக்கிறான். மெதுவாக ஏறுவதால் உடம்பில் அவ்வளவு சூடு பிறப்பதில்லை. வியர்வையில் நனைந்த உள்சட்டை முதுகில் ஒட்டிக் குளிர்கிறது. உடம்பின் உட்சூடு 35 டிகிரிக்குக் கீழே போனால் விரல் மடங்காது, நாக்கு குழறும், எந்தப் பக்கம் போகிறோம் என்பதே குழம்பிவிடும். அவனுக்காகத்தானே அந்த மேசையைப் போட்டார்கள்?

இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டா என்று நீங்கள் கேட்கலாம். 1985 ஜனவரியில், உங்கள் மூணாறு மலையிலேயே, குண்டளையிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு எஸ்டேட் பிள்ளைகளின் மேட்டு ஓட்டம் நடந்தது. எனக்குப் பதினைந்து வயது. ரோட்டிலிருந்து தேயிலைக் காட்டுப் பாதை பிரிகிற இடத்தில் கையில் சிவப்புத் துண்டோடு என்னை நிறுத்தினார்கள். விடியற்காலையில் புல்லெல்லாம் உறைபனி, அப்புறம் மூடுபனி. முப்பது பேர் போனார்கள். இனி யார் வரப்போகிறார்கள் என்று, கொஞ்சம் கீழே கவாத்து விறகை எரித்துக்கொண்டிருந்தவர்களிடம் போய்க் கை காய்ச்சினேன். கால் மணி நேரம் இருக்கும். அதற்குள் ஒரு சிறுவன் வந்து, ஆளில்லாத அந்தப் பிரிவில் காட்டுப் பாதைக்குள் இறங்கிவிட்டான்.

சாயங்காலம்தான் கண்டுபிடித்தோம். சில்வர் ஓக் மரத்தடியில், கால்களைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கட்டன் சாயா கொடுத்தேன். டம்ளரைப் பிடிக்க அவன் விரல்கள் ஒத்துழைக்கவில்லை. நான்தான் பிடித்துக் குடிக்க வைத்தேன். பல் டம்ளர் விளிம்பில் தடதடவென்று அடித்தது. அவன் அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. தன் கம்பளியை அவன்மேல் போர்த்தித் தூக்கிக்கொண்டு போய்விட்டார். திட்டியிருக்கலாம்.

உங்கள் ஊரில் முடியும் பிர்க்கெபெய்னர் பந்தயத்தைப் பார்த்திருப்பீர்கள். ரேனாவிலிருந்து 54 கிலோமீட்டர், ஒவ்வொருவர் முதுகிலும் 3.5 கிலோ மூட்டை. 1206-இல் ஹோகோன் என்ற குழந்தையை இரண்டு வீரர்கள் பனிமலை தாண்டித் தூக்கிப்போன நினைவு அது. அந்தக் குழந்தை பின்னால் அரசனானது. முக்கால்வாசித் தூரம் வந்துவிட்டோம் என்று அவர்கள் அதை இறக்கி வைத்திருந்தால்?

அடுத்த வருடமும் போங்கள், கட்டாயம் போங்கள். எத்தனை பேர் புறப்பட்டார்கள் என்று முதலிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கடந்துபோகிற ஒவ்வொரு எண்ணையும் அடியுங்கள். அடிக்காத எண் ஒன்று இருந்தாலும் மேசையை மடக்காதீர்கள். ஓடுகிறவனைவிட நிற்கிறவனுக்குத்தான் குளிர் சீக்கிரம் ஏறும் என்பதால், வெறும் பனிமேல் நிற்காமல் காலடியில் ஒரு மரப்பலகை போட்டுக்கொள்ளுங்கள்.

அம்மா ஆயுள் முழுக்க மழையிலும் பனியிலும் கொழுந்து பறித்தவர். சம்பளம் என்று அவர் சொன்னாலும் கோபம் குளிர்மேல்தான். அந்தப் பலகையைப் பற்றி அவரிடம் சொல்லுங்கள்.