வரைகோடு பொருந்திவிட்டது, காரணம் பொருந்தியதா?

கேள்வி: உடலியங்கியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஒரு மருந்து இதயக் கீழறைச் செல்லின் ஆக்‌ஷன் பொட்டென்ஷியலை (ஒவ்வொரு துடிப்பிலும் செல்லின் மின்னழுத்தம் ஏறி இறங்கும் அலை) நீளச் செய்வதை அளந்திருக்கிறேன். காரணத்தைக் கணித மாதிரி வைத்து விளக்கச் சொல்கிறார் நெறியாளர். கணிதத்தைப் பள்ளியோடு விட்டவள் நான். எதில் தொடங்குவது?

பதில்: கணிதத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். இந்த மாதிரிகளின் அடிப்படை ஒரே வரிதான்: செல்லுக்குள்ளும் வெளியும் பாயும் அயனி மின்னோட்டங்களைக் கூட்டினால், மின்னழுத்தம் எவ்வளவு வேகமாக மாறும் என்பது கிடைத்துவிடும். சமன்பாடுகளைத் தீர்ப்பது கணினியின் வேலை.

முதலில், உங்கள் செல் எந்த விலங்கினுடையது? சுண்டெலியின் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 600 முறை துடிக்கிறது. அதன் செல் மின்னழுத்தத்தைத் தணிக்கும் பொட்டாசியம் மின்னோட்டங்களும் நம்முடையவற்றிலிருந்து வேறுபட்டவை. மனிதச் செல்லென்றால் 2011இல் வந்த ஓ'ஹாரா–ரூடி மாதிரி, கினிப்பன்றி என்றால் 1991இன் லுவோ–ரூடி. சமன்பாடுகளை நீங்களே தட்டச்சு செய்யாதீர்கள், ஒரு குறி பிசகினால் வாரங்கள் வீணாகும். செல்எம்எல் என்ற இணையக் களஞ்சியத்தில் பல மாதிரிகள் ஆயத்தமாக இருக்கின்றன. மூலக் கட்டுரையின் ஒரு படத்தை அப்படியே வரவழைத்துப் பார்த்த பிறகே உங்கள் மருந்துக்கு வாருங்கள். மாதிரியை நூற்றுக்கணக்கான துடிப்புகள் ஓடவிட்டு, அது நிலைபெற்ற பின் அளவெடுங்கள்.

இனி நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது. ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952இல் கணவாயின் நரம்பிழைக்கு எழுதிய சமன்பாடுகளைத் திருத்தி, டெனிஸ் நோபிள் 1962இல், இதயத்துக்குள் மின்துடிப்பைக் கடத்தும் பர்க்கின்ஜி இழைக்கு ஒரு மாதிரி அமைத்தார். இதயத் துடிப்பின் நீண்ட மேட்டுநிலை (மின்னழுத்தம் உடனே இறங்காமல் உயர்ந்து நிற்கும் கட்டம்) அதில் அழகாக வந்தது. ஆனால் இதயச் செல்லின் கால்சியம் மின்னோட்டம் அப்போது அறியப்படவில்லை. அந்த வேலையையும் சோடியமே செய்வதாக அவர் மாதிரி காட்டியது. வடிவம் சரி, காரணம் அரைகுறை. அந்தப் பிழையால் மாதிரியின் பெருமை குறையவில்லை. ஆனால் கோடு பொருந்துவதாலேயே காரணம் நிரூபணமாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

உங்கள் நிலையும் அதுதான். செல்லிலிருந்து பொட்டாசியத்தை வெளியே விடும் ஹெர்க் என்ற அயனி வாயில் அடைபட்டாலும் ஆக்‌ஷன் பொட்டென்ஷியல் நீளும், கால்சியம் கூடுதலாக உள்ளே வந்தாலும் நீளும். ஒரே மருந்து இரண்டையும் தொடலாம்: வெரபாமில் என்ற இதய மருந்து ஹெர்க்கை அடைக்கிறது, கூடவே கால்சியத்தையும் அடைப்பதால் விளைவு பெருமளவு ஈடாகிவிடுகிறது.

ஆகவே எண்களைத் திருகிக் கோட்டைப் பொருத்தாதீர்கள். செல்லின் மின்னழுத்தத்தை நாம் விரும்பும் அளவில் பிடித்துவைத்து மின்னோட்டத்தை அளக்கும் வோல்ட்டேஜ் கிளாம்ப் முறையில், மருந்து ஒவ்வொரு மின்னோட்டத்தையும் எத்தனை விழுக்காடு குறைக்கிறது என அளந்து, அந்த எண்களை மட்டும் மாதிரியில் இடுங்கள். பிறகு, இதுவரை சோதிக்காத ஒரு துடிப்பு வேகத்தில் ஆக்‌ஷன் பொட்டென்ஷியல் எவ்வளவு நீளும் என மாதிரியிடம் கேளுங்கள். விடையை நோட்டில் தேதியிட்டு எழுதிவிட்டு, அதே வேகத்தில் செல்லை அளந்து பாருங்கள்.